அட்டை சொல்லும் சங்கீதம்

சங்கீதத்துக்கென்று பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு, மற்றப் பத்திரிகாசிரியர்களுக்கு இல்லாத சங்கடம் ஒன்று உண்டு. சினிமாப் பத்திரிகை நட்சத்திரத்தின் முகத்தைக் காட்டலாம். விவசாயப் பத்திரிகை விளைந்த கதிரைக் காட்டலாம். சமையல் பத்திரிகை பதார்த்தத்தையே கண்முன் வைத்து நாவில் நீர் ஊறச் செய்யலாம். சங்கீதமோ கண்ணுக்குப் புலனாகாதது. காற்றிலே பிறந்து, காதிலே நிறைந்து, மறு கணமே மறைந்துபோகும் அந்த வஸ்துவை, சப்தமே இல்லாத காகிதத்தில், அதுவும் கடைக்கு வருகிறவர் நின்று பார்க்கும் இரண்டொரு விநாடிக்குள், இன்ன வகையைச் சேர்ந்தது என்று உணர்த்தியாக வேண்டும். அந்தப் பொறுப்பு முழுவதும் மேலட்டையின் தலையில் வந்து விழுகிறது.

அட்டைகள் அந்தப் பொறுப்பை வெகு திறமையாக நிறைவேற்றுகின்றன என்பதே இதில் வியப்புக்குரிய விஷயம். லண்டனிலோ நியூயார்க்கிலோ சங்கீதப் பத்திரிகைகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் கடைகளைச் சில காலம் பார்த்துப் பழகியவர், பத்திரிகையின் பெயரைக் கையால் மறைத்துவிட்டாலும், இது மேனாட்டுச் சாஸ்திரீய சங்கீதத்துக்கு உரியது, இது ஜாஸ், இது ஹெவி மெட்டல், இது ஹிப்-ஹாப் என்று பெரும்பாலும் பிசகாமல் பிரித்துச் சொல்லிவிடுவார். நிறம், எழுத்தின் வடிவம், படத்தில் இருப்பவர் நிற்கும் தோரணை, அவர் கண் எந்தத் திசையை நோக்குகிறது என்பன போன்ற சின்னஞ்சிறு அடையாளங்களே அவருக்குத் துணை செய்கின்றன. இந்த அடையாளங்கள் யாவும் வியாபாரிகளின் தந்திரம் என்று ஒதுக்கிவிடக் கூடியவை அல்ல. ஒவ்வொரு சங்கீத மரபும் தன் ஜீவன் எங்கே உறைகிறது என்று நம்புகிறதோ, அந்த இடத்தையே தன் அட்டையில் எழுதிக் காட்டுகிறது என்பதுதான் இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும்போது தெளிவாகும் உண்மை.

எல்லா அட்டைக்கும் பொதுவான இலக்கணம்

வேற்றுமையைக் காண்பதற்கு முன்னால் ஒற்றுமையை அறிந்துகொள்வது நலம். எந்தப் பத்திரிகையானாலும் அதன் பெயர் அட்டையின் உச்சியிலேதான் இருக்கும். ஏனெனில், கடையிலே இதழ்களை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து அடுக்கும்போது கீழ்ப்பாகம் முன்வரிசையில் மறைந்துபோக, மேல்விளிம்பு மட்டுமே கண்ணுக்குத் தெரியும். பக்கவாட்டில் ஒன்றை ஒன்று தழுவி அடுக்கும் கடைகளில் இடது ஓரம் மட்டும் வெளியே நிற்பதால், முக்கியமான வாசகங்களை இடப் பக்கத்திலேயே அச்சிடும் வழக்கமும் ஏற்பட்டது. மனிதக் கண் கூட்டத்தினிடையிலும் மற்றொரு மனிதக் கண்ணைத் தேடிப் பிடிக்கும் சுபாவம் உடையதாகையால், அட்டையில் உள்ளவர் நேராக நம்மையே பார்க்கும்படி படம் எடுப்பதும் பொது விதியாயிற்று. பத்திரிகை போதிய புகழ் பெற்ற பிறகு, படத்தில் இருப்பவருடைய தலை பெயரெழுத்தின் ஒரு பகுதியை மறைத்தாலும் பாதகமில்லை என்ற துணிவும் ஆசிரியருக்கு வந்துவிடுகிறது.

இந்த விதிகள் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆகவே, ஒரு மரபைச் சேர்ந்த பத்திரிகைகள் இவற்றுள் ஏதேனும் ஒன்றைத் தொடர்ந்து மீறுமானால், அந்த மீறலிலே ஒரு கொள்கை இருக்கிறது என்று நாம் ஊகிக்கலாம்.

சாஸ்திரீயமும் ஜாஸும்

1834-ஆம் ஆண்டில் லைப்ஸிக் நகரில் இசைமேதை ராபர்ட் ஷூமன் தம் நண்பர்களுடன் சேர்ந்து தொடங்கிய சங்கீதப் பத்திரிகை, அக்காலத்துப் பிற சஞ்சிகைகளைப் போலவே, எழுத்தை நம்பியே நடந்தது. சங்கீதத்தைப் பற்றிய விசாரம் அறிவின் வேலை என்றும், அதற்குச் சித்திரம் அநாவசியம் என்றும் கருதிய காலம் அது. 1923 ஏப்ரலில் நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கன்ஸி லண்டனில் ‘கிராமபோன்’ பத்திரிகையை ஆரம்பித்தபோதும், வீட்டில் இசைத்தட்டுப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு எந்தத் தட்டை வாங்கலாம் என்று நிதானமாக யோசனை சொல்வதுதான் அதன் நோக்கமாக இருந்தது. நூறாண்டு கடந்தும் நடந்துவரும் அந்தப் பத்திரிகையின் அட்டைகளைப் பார்த்தால், ஆதியிலிருந்த அந்த நிதானம் இன்னும் கலையாமல் இருப்பதை உணரலாம்.

வயலின் வித்வான் தம் வாத்தியத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார். பியானோ வாசிப்பவர் மூடிய வாத்தியத்தின்மேல் முழங்கையை ஊன்றியிருப்பார். வாத்தியக் குழுவை நடத்துபவர் கையில் கோலுடன் எங்கோ தொலைவில் நோக்குவார். வாத்தியம் உண்டு, வாசிப்பு இல்லை. நிறங்கள் அடக்கமானவை, எழுத்துக்கள் பழைய புத்தகங்களில் காணும் மெல்லிய வால்களோடு கூடியவை. இதன் தாத்பரியம் என்ன? மேனாட்டுச் சாஸ்திரீய மரபில் சங்கீதத்தின் இருப்பிடம், காலஞ்சென்ற பெருமக்கள் ஸ்வரக் குறிப்புகளாக எழுதிவைத்த கிருதியே. இன்று அதை வாசிப்பவர் அந்தச் செல்வத்தைக் காக்கும் தர்மகர்த்தா. தர்மகர்த்தா ஆரவாரம் செய்யக் கூடாது என்பதால், அட்டையிலே அவர் கையில் வாத்தியம் மௌனமாக இருக்கிறது.

ஜாஸுக்குரிய அட்டையோ இதற்கு நேர்மாறானது. 1934-இல் சிகாகோ நகரில் தொடங்கிய ‘டௌன் பீட்’, முதலில் செய்தித்தாள் வடிவில், நடனக் குழுக்களில் வேலை பார்க்கும் வாத்தியக்காரர்களுக்குத் தொழில் சமாசாரங்களைச் சொல்லும் பத்திரிகையாகவே பிறந்தது. பிற்காலத்தில்தான் ஜாஸ் ரசிகர் அனைவரும் மதிக்கும் சஞ்சிகையாக வளர்ந்தது. அதன் அட்டைகளிலும், ஜாஸ் உலகத்தின் மற்ற அட்டைகளிலும் அதிகமாகக் காண்பது, வாசித்துக்கொண்டே இருக்கும் மனிதரை. கன்னம் உப்பியிருக்கும், நெற்றியில் வேர்வை துளிர்த்திருக்கும், விரல்கள் ஸாக்ஸபோனின் சாவிகள்மேல் அழுந்தியிருக்கும், கண்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். அட்டையில் உள்ளவர் நம்மைப் பார்க்க வேண்டும் என்ற பொது விதி இங்கே சிறிதும் தயக்கமின்றி மீறப்படுகிறது. ஜாஸில் எழுதிவைத்த மெட்டு வெறும் முகாந்தரம். அதை வைத்துக்கொண்டு அந்த இரவில், அந்தச் சபையில், மனோதர்மமாக எது பிறக்கிறதோ அதுவே சங்கீதம். நிரவலும் கற்பனைஸ்வரமும் கேட்டுப் பழகிய நமக்கு இது எளிதில் விளங்கும். பிறக்கும் அந்தக் கணத்தைப் படம் பிடிக்காத அட்டை ஜாஸின் அட்டை ஆகாது என்று அவர்கள் எண்ணியதில் ஆச்சரியமில்லை.

இந்தப் பார்வைக்கு இலக்கணம் வகுத்தவர்களில் புளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்தைச் சேர்ந்த இருவரை அவசியம் குறிப்பிட வேண்டும். ஜெர்மனியிலிருந்து நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி வந்த ஃபிரான்ஸிஸ் உல்ஃப், இசைப்பதிவு நடக்கும்போதே வித்வான்களை நிழலும் ஒளியும் மோதும் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தார். ரீட் மைல்ஸ் என்ற சித்திரகாரர், 1950-களின் பிற்பகுதி முதல், அந்தப் படங்களை ஒரே ஒரு வர்ணம் தோய்த்து, பெரிய எழுத்துக்களைத் தாளக்கட்டோடு அடுக்கி, தட்டுறைகளாக அமைத்தார். ஜாஸைப் பற்றிய எந்த அட்டையிலும் இன்றுவரை அந்த இருவருடைய சாயல் படிந்திருக்கிறது.

பாட்டையே அட்டையாக்கியவர்கள்

சங்கீதத்தின் ஜீவன் எங்கே உறைகிறது என்ற கேள்விக்கு, நாட்டுப் பாடல்களைப் போற்றுகிறவர்கள் வேறொரு விடை கண்டார்கள். 1950 மே மாதத்தில் அமெரிக்காவில் ‘ஸிங் அவுட்’ என்ற சிறு பத்திரிகை வெளிவந்தது. அதன் முதல் இதழின் முகப்பில் இடம்பெற்றது, பீட் ஸீகரும் லீ ஹேஸும் இயற்றிய சுத்தியலைப் பற்றிய பாட்டு. பத்திரிகையின் பெயரே அந்தப் பாட்டிலிருந்து எடுத்ததுதான். பாடகரைப் பிரதானமாக்காமல் பாட்டை முகப்பில் வைத்ததில், மக்களின் சங்கீதம் யாருடைய சொந்தச் சொத்தும் அல்ல, வாங்கியவர் வாய்விட்டுப் பாடினால்தான் அதற்கு ஜீவன் உண்டு என்ற நம்பிக்கை அடங்கியிருக்கிறது. அலங்காரம் ஏதும் இல்லாத அந்த அட்டையை நான் மிக உயர்ந்த அட்டைகளுள் ஒன்றாக மதிக்கிறேன். எதைப் போற்றுகிறதோ அதையே வாசகர் கையில் கொடுத்துவிடும் தாராளம் வேறு அட்டைகளுக்கு வாய்ப்பது அரிது.

முகமே சங்கீதமான கதை

1967 நவம்பர் 9-ஆம் தேதியிட்டு, ஸான் ஃபிரான்ஸிஸ்கோ நகரில், இருபத்தொரு வயது வாலிபரான யான் வென்னரும், முதிர்ந்த சங்கீத விமரிசகரான ரால்ஃப் கிளீஸனும் சேர்ந்து ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையைத் தொடங்கினார்கள். செய்தித்தாள் காகிதத்தில் அச்சான அந்த முதல் இதழின் முகப்பில் இருந்தவர் ஜான் லென்னன். ஆனால் கிதாரோடு அல்ல. அப்போது அவர் நடித்திருந்த யுத்தத்தைப் பற்றிய திரைப்படம் ஒன்றின் காட்சியிலிருந்து, இரும்புத் தொப்பியும் வட்டக் கண்ணாடியும் அணிந்த சிப்பாயாக அவர் தோன்றினார். ராக் சங்கீதம் வெறும் பாட்டுக் கச்சேரி அன்று, அந்தத் தலைமுறை எதையெல்லாம் பற்றிக் கவலைப்பட்டதோ அது முழுவதுமே தங்கள் விஷயம் என்ற பிரகடனம் அந்த முதல் அட்டையிலேயே அமைந்துவிட்டது. இரண்டாவது இதழின் அட்டையில் டீனா டர்னர் வந்தார். பத்திரிகையின் பெயரை வளைந்து சுருளும் எழுத்துக்களில் வரைந்தவர், அந்நகரத்துக் கச்சேரிகளுக்கு விசித்திரமான சுவரொட்டிகள் தீட்டிப் புகழ்பெற்ற ரிக் கிரிஃபின்; அவர் பூர்த்தி செய்யாமல் வைத்திருந்த மாதிரியையே வென்னர் எடுத்து அச்சேற்றினார் என்பது சரித்திரம்.

ராக் உலகத்தில் சங்கீதத்தின் உறைவிடம் அதைப் பாடுபவருடைய ஆளுமை. அவர் எழுதிய பாட்டு அவருடைய வாழ்க்கையே என்று ரசிகர் நம்புகிறார்கள். ஆகவே அட்டையில் வாத்தியம் தேவைப்படுவதில்லை, மேடையும் தேவைப்படுவதில்லை, முகம் போதும். இந்தக் கொள்கை தன் சிகரத்தை எட்டிய அட்டை 1981 ஜனவரி 22-ஆம் தேதி இதழினுடையது. முந்திய டிசம்பர் 8-ஆம் தேதி, நியூயார்க்கில் லென்னனுடைய இல்லத்தில், ஆனி லீபோவிட்ஸ் அந்தப் புகைப்படத்தை எடுத்தார். கறுப்பு உடையில் மல்லாந்து கிடக்கிறார் யோகோ ஓனோ. அவருடைய கருங்கூந்தல் விரிந்து பரந்திருக்கிறது. ஆடையின்றி, கருவிலிருக்கும் சிசுவைப் போல உடலைச் சுருட்டிக்கொண்டு, அவரைக் கட்டியணைத்துக் கன்னத்தில் முத்தமிடுகிறார் லென்னன். அவர் கண்கள் மூடியிருக்கின்றன. அவர் மனைவியோ வேறெங்கோ பார்க்கிறார். அன்றிரவே லென்னன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பத்திரிகைக்காரர்கள் அந்தப் படத்தின்மேல் தலைப்பு வாசகம் ஒன்றையும் அச்சிடவில்லை. கொலையைப் பற்றிய செய்தி உலகமெல்லாம் பரவியிருந்த அந்தச் சமயத்தில், சொல்ல வேண்டியதை யெல்லாம் படமே சொல்லிவிட்டது என்று அறிந்து, பெயரெழுத்தோடு நிறுத்திக்கொண்ட அந்த அடக்கத்துக்குத் தனியான மனோதிடம் வேண்டும். 2005-இல் அமெரிக்கப் பத்திரிகாசிரியர்கள் சங்கம், நாற்பது ஆண்டுகளில் வெளிவந்த எல்லா வகை அட்டைகளுள்ளும் இதையே முதன்மையானதாகத் தேர்ந்தெடுத்தது. ஒரு ஸ்வரத்தின் அடையாளமோ ஒரு வாத்தியத்தின் நிழலோ அதில் இல்லை. எனினும், லென்னன் தம் பாட்டுக்களில் வெளியிட்ட அந்தரங்கம் முழுவதும் அதில் குடிகொண்டிருக்கிறது.

இரைச்சலின் இரண்டு வடிவங்கள்

ராக் கலைஞர்களின் முகங்கள் இப்படித் தெய்வ பிம்பங்களாக உயர்ந்துகொண்டே போனபோது, அதை எதிர்த்துக் கிளம்பியது பங்க் இயக்கம். 1976 ஜூலையில், லண்டனில் பாங்கு குமாஸ்தாவாக இருந்த மார்க் பெர்ரி என்ற இளைஞர், ‘ஸ்னிஃபின் க்ளூ’ என்ற பத்திரிகையைத் தாமே டைப் அடித்து, தலைப்புகளைத் தடித்த பேனாவால் கையால் கிறுக்கி, நகல் இயந்திரத்தில் பிரதி எடுத்து வெளியிட்டார். எழுத்துப் பிழை அடித்தது அடித்தபடியே இருக்கும், வரிகள் கோணும், படங்கள் கறுத்துப் போயிருக்கும். அட்டை வழவழப்பாக இருக்க வேண்டும், எழுத்து ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற விதிகளை அது மீறியது பணமின்மையால் மட்டுமன்று. சங்கீதம் விசேஷத் திறமை படைத்த சிலருடைய உரிமையன்று, யாரும் கிதாரை எடுக்கலாம், யாரும் பத்திரிகை போடலாம் என்பதே பங்கின் சித்தாந்தம்; பார்த்தவுடனே ‘இதை நானே செய்யலாமே’ என்று வாசகருக்குத் தோன்றச் செய்வதுதான் அந்த அட்டையின் வெற்றி. ஓராண்டு கழிந்து அதை அவர் நிறுத்தியபோது, அதைப் போன்ற எத்தனையோ கைப்பத்திரிகைகள் பிரிட்டனெங்கும் முளைத்திருந்தன.

ஹெவி மெட்டலும் பங்கைப் போலவே உரத்த சங்கீதந்தான். ஆனால் இரண்டின் அட்டைகளும் ஒன்றுக்கொன்று நெருங்குவதில்லை. 1981 ஜூனில் ‘ஸௌண்ட்ஸ்’ வாரப் பத்திரிகையின் தனி அனுபந்தமாக வெளிவந்து, பிறகு சுயமாகவே நிலைபெற்ற ‘கெராங்’, எலெக்ட்ரிக் கிதாரின் கம்பிகளை ஒரே வீச்சில் மீட்டும்போது எழும் ஒலியையே பெயராகச் சூட்டிக்கொண்டது. ஏசி/டிசி குழுவின் ஆங்கஸ் யங் அதன் முதல் அட்டையில் தோன்றினார். பிற்காலத்தில் பிரசித்தமான அதன் பெயரெழுத்துக்கள், பேரொலியால் கண்ணாடி தெறித்ததுபோல விரிசல் விட்டுக் காணும். அட்டை முழுவதும் நெரிசல்: நடுவே பற்களைக் கடித்துக்கொண்டு நம்மை முறைக்கும் பாடகர், சுற்றிலும் சிறு படங்கள், ஆச்சரியக்குறிகள், உள்ளே இலவசச் சுவரொட்டிகள் இருக்கின்றன என்ற அறிவிப்புகள். பங்கின் அட்டை வறுமையைக் கொள்கையாக்கியது. மெட்டலின் அட்டையோ எதிலும் மிகுதியையே நாடுகிறது. மெட்டலில் சங்கீதத்தின் இருப்பிடம் அந்தப் பிரம்மாண்டமான ஒலியும், அதனுள் தோளோடு தோள் உரசி மூழ்கிக் கிடக்கும் ரசிகர் கூட்டமும். அந்த நெரிசலைக் காகிதத்தில் ஏற்றுவதற்கு வெற்றிடமே இல்லாத அட்டை தவிர வேறு வழி ஏது?

எழுத்து வடிவத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் ஜெர்மானியரின் வேத புத்தகங்களை அலங்கரித்த கூர்மையான காதிக் எழுத்துக்களை மெட்டல் உலகத்தார் தங்கள் முத்திரையாக்கிக்கொண்டார்கள். பழமையும் பயங்கரமும் ஒருங்கே தொனிக்க அவை உதவின. 1992-இல் அமெரிக்காவில் தோன்றிய ‘ரே கன்’ பத்திரிகையோ, டேவிட் கார்ஸன் என்ற வடிவமைப்பாளரின் கையில், எழுத்துக்களை வெட்டியும் ஒட்டியும் ஒன்றன்மேல் ஒன்று படரவிட்டும், படிக்க முடியுமா என்ற கேள்வியையே புறக்கணித்தது. சலிப்பூட்டிய பேட்டிக் கட்டுரை ஒன்றை அவர் எழுத்துக்களே இல்லாத, வெறும் சின்னங்களால் ஆன அச்சுருக்களில் கோத்து வெளியிட்டதைப் பத்திரிகை உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அவருடைய முறையை முழுவதும் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வாசகரை மதிப்பது எழுத்தின் முதற்கடமை. ஆயினும், அக்காலத்து மாற்று ராக் சங்கீதத்தின் கலைந்த மனநிலையை அவ்வளவு நேராகக் கண்ணுக்குக் கொண்டுவந்தவர் வேறு யாருமில்லை என்பதையும் மறுக்கலாகாது.

இவையனைத்துக்கும் நடுவே, பொதுஜனங்களின் பாப் சங்கீதத்துக்கென 1978-இல் பிரிட்டனில் நிக் லோகன் தொடங்கிய ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’, மஞ்சளும் இளஞ்சிவப்பும் பளபளக்க, சிரித்த முகங்களும் உள்ளே பாட்டு வரிகளுமாக இளம்பிராயத்தினரை வரவேற்றது. பள்ளிக்கூடச் சிறுமி தன் அறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் சிநேகிதமே பாப்பின் உறைவிடம் என்று அந்த அட்டை அறிந்திருந்தது.

ஒரே வாசற்படியில் இரண்டு தலைமுறை

ஹிப்-ஹாப் பத்திரிகைகளின் கதை இவற்றினும் கனமானது. ஹார்வர்ட் சர்வகலாசாலை மாணவர்களான டேவிட் மேஸும் ஜான் ஷெக்டரும் தங்கள் வானொலி நிகழ்ச்சிக்குத் துணையாக 1988-இல் ‘தி ஸோர்ஸ்’ பத்திரிகையைத் தொடங்கினார்கள். இசையமைப்பாளர் குவின்ஸி ஜோன்ஸின் முயற்சியால் 1992-இல் ‘வைப்’ பத்திரிகையின் வெள்ளோட்ட இதழ் வந்தது. இந்த அட்டைகளில் கலைஞர் நேராக நிமிர்ந்து நிற்கிறார், கண்ணை எடுக்காமல் நம்மைப் பார்க்கிறார், சிரிப்பதில்லை. பத்திரிகைகளின் பக்கங்களில் நெடுங்காலம் குற்றவாளிகளாகவோ கோமாளிகளாகவோ மட்டும் காட்டப்பட்டுவந்த கறுப்பின இளைஞர்கள், ‘நான் இன்ன தெருவிலிருந்து வந்தவன், என்னைப் பார்’ என்று சொல்லும் கம்பீரம் அந்த நிலையிலே இருக்கிறது. ஹிப்-ஹாப்பின் உறைவிடம் ஊரும் தெருவும், அவற்றைத் தன் வாக்கினால் நிலைநாட்டும் மனிதருடைய மானமும்.

இதை ஒரே படத்தில் காண விரும்புகிறவர்கள் ‘எக்ஸ்எக்ஸ்எல்’ பத்திரிகைக்காக 1998 செப்டம்பர் 29-ஆம் தேதி எடுத்த புகைப்படத்தைப் பார்க்க வேண்டும். அதன் வரலாறு நாற்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்குகிறது. 1958 ஆகஸ்டில் ஒரு நாள் காலை, ‘எஸ்கொயர்’ பத்திரிகைக்காக ஆர்ட் கேன், நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் கிழக்கு 126-ஆம் தெரு 17-ஆம் எண் வீட்டு வாசலில், ஐம்பத்தேழு ஜாஸ் வித்வான்களை ஒன்றுசேர்த்துப் படம் எடுத்தார். இரவெல்லாம் வாசித்துவிட்டுப் பகலில் உறங்கும் ஜாதியார் காலை வேளையில் அத்தனை பேர் வந்து கூடியதே அதிசயம். தெலோனியஸ் மங்க், டிஸ்ஸி கில்லெஸ்பி, கோல்மன் ஹாக்கின்ஸ், சார்ல்ஸ் மிங்கஸ் போன்றோர் படிகளிலும் நடைபாதையிலும் நிற்க, கௌண்ட் பேஸி நடைபாதையின் விளிம்பில், அக்கம்பக்கத்துச் சிறுவர்களோடு சிறுவராகக் குந்தியிருக்கிறார்.

நாற்பதாண்டு கழித்து அதே வாசலில், இருநூறு பேருக்கு அணித்தான ஹிப்-ஹாப் கலைஞர்கள் கூடினார்கள். ஒரு வீட்டு வாசல் போதாமல் பக்கத்து வீட்டுப் படிகளும் நிறைந்தன. படம் எடுத்தவர் கோர்டன் பார்க்ஸ். ‘லைஃப்’ பத்திரிகையில் நிரந்தரப் பணியில் அமர்ந்த முதல் கறுப்பினப் புகைப்படக் கலைஞர். ஹார்லம் வாழ்க்கையைத் தம் காமிராவால் உலகுக்கு எடுத்துக் காட்டியவர். அப்போது அவருக்கு எண்பத்தைந்து பிராயம். இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது மனம் நெகிழாமல் இராது. முன்னதில் கோட்டும் தொப்பியும். பின்னதில் தொளதொளத்த சட்டைகள். வேஷம் மாறியிருக்கிறது, வாசற்படி மாறவில்லை. முதியோரால் வெறும் கூச்சல் என்று ஒதுக்கப்பட்ட ஹிப்-ஹாப், தானும் அதே குலத்தின் வாரிசு என்பதை, வாதம் எதுவும் செய்யாமல், நின்ற இடத்தாலேயே நிரூபித்துவிட்டது.

அட்டைக்கு இத்தனை வலிமை உண்டென்றால் அதற்கேற்ற பொறுப்பும் உண்டு. 1996-இல் அமெரிக்காவின் கிழக்குக் கரைக் கலைஞருக்கும் மேற்குக் கரைக் கலைஞருக்கும் பகை மூண்டிருந்த காலத்தில், ‘வைப்’ தன் பிப்ரவரி அட்டையில் டூபாக் ஷகூர் உள்ளிட்ட மேற்குக் கரையினரையும், செப்டம்பர் அட்டையில், கிழக்கும் மேற்கும் எதிரெதிர் என்ற வாசகத்தோடு நோட்டோரியஸ் பி.ஐ.ஜி. தரப்பினரையும் நிறுத்தியது. அந்தச் செப்டம்பரிலேயே டூபாக்கும், அடுத்த மார்ச்சில் மற்றவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அட்டைகளே கொன்றன என்பது நியாயமற்ற பேச்சு. ஆயினும், இரு மனிதருக்கிடையே இருந்த சண்டையை இரு கரைகளுக்கிடையே நடக்கும் யுத்தமாக லட்சக்கணக்கானோர் கண்முன் விரித்ததில் பத்திரிகைகளுக்குப் பங்குண்டு என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. அதை எளிதில் தள்ளிவிடவும் முடியாது. தெருவின் மானத்தைப் போற்றிய அதே அட்டை, அந்த மானத்தின் பேரால் மூண்ட பகைக்கும் மேடையாகலாம் என்பதை அந்த இரண்டு மரணங்களும் உணர்த்தின.

நம் ஊர் முகப்பு

சங்கீதத்தின் இருப்பிடம் எங்கே என்ற கேள்வி நம் நாட்டுச் சங்கீதத்துக்குப் புதிதன்று. சென்னை சங்கீத வித்வத் சபை 1930 முதல் வெளியிட்டுவரும், டாக்டர் வே. ராகவன் நெடுங்காலம் ஆசிரியராக இருந்த, ஆராய்ச்சி சஞ்சிகையின் முகப்பில் வித்வானின் படம் பிரதானம் அன்று. பக்தர்கள் பாடும் இடமே தன் இருப்பிடம் என்று திருமால் நாரதருக்கு அருளியதாகக் கூறும் வடமொழிச் சுலோகம் அங்கே விளங்குகிறது. மேனாட்டு அட்டைகள் நிறத்தாலும் படத்தாலும் மறைமுகமாகச் சொல்லிய விடையை, நம்மவர்கள் சுலோகமாகவே எழுதி முகப்பில் நிறுத்திவிட்டார்கள். 1983-இல் என். பட்டாபிராமன் சென்னையில் தொடங்கிய ‘ஸ்ருதி’ மாத இதழ் கலைஞர்களின் உருவங்களை முகப்புக்குக் கொண்டுவந்தது. சங்கீதத்தோடு நாட்டியத்தையும் சேர்த்துப் பேசும் அந்தப் பத்திரிகைக்கு, கண்ணால் காணும் கலையின் துணை இயல்பாகவே கிடைத்தது. சுலோகத்திலிருந்து முகத்துக்கு நகர்ந்த அந்த அரை நூற்றாண்டில், நம் ரசிகர்கள் சங்கீதத்தை அணுகும் முறையும் நகர்ந்திருக்கிறது என்று கொள்வதற்கு இடமுண்டு.

இப்போது உலகெங்கும் சங்கீதப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாகக் காகிதத்தை விட்டு நீங்கிக்கொண்டிருக்கின்றன. 1952 முதல் பிரிட்டனில் வாரந்தோறும் வந்த ‘நியூ மியூஸிகல் எக்ஸ்பிரஸ்’ 2018 மார்ச்சோடு வார அச்சுப் பதிப்பை நிறுத்திற்று. 1986-இல் தோன்றிய ‘க்யூ’ 2020-இல் மூடப்பட்டது. கைபேசித் திரையில் விரற்கடை அளவுள்ள சதுரமாகிவிட்ட படத்தில், ஆங்கஸ் யங்கின் முறைப்புக்கும் பேஸியின் பக்கத்திலிருந்த சிறுவர்களின் முகபாவத்துக்கும் இடம் ஏது? சங்கீத சரித்திரத்தை எழுதப் புகுவோர் பாட்டுக்களைக் கேட்டால் மட்டும் போதாது. அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் தங்களை யாரென்று எண்ணிக்கொண்டார்கள் என்பதையும் அறிய வேண்டும். அதற்கு அட்டைகளைப் போன்ற சாட்சி வேறில்லை.

அந்தச் சாட்சி எளிதில் அழியக் கூடியது என்பதுதான் கவலைக்குரிய செய்தி. பழைய சஞ்சிகைகளை ஆண்டுவாரியாகப் பைண்டு செய்யும்போது, கட்டுரைகள்தாம் சாரம், அட்டையும் விளம்பரமும் சக்கை என்று எண்ணிக் கிழித்தெறியும் வழக்கம் எத்தனையோ நூல்நிலையங்களில் இருந்திருக்கிறது. தொடர்கதைகளை வாரா வாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்துக்கொள்ளும் நம் வீடுகளிலும், கதை மிஞ்சும், அட்டை மிஞ்சாது. அப்படி இழந்தவை போகட்டும். வீட்டுப் பரணில் பழைய சங்கீத இதழ்கள் வைத்திருப்பவர்கள் அவற்றை எடைக்குப் போடுவதற்கு முன்னால் முகப்புகளை ஒருமுறை வரிசையாகப் பரப்பிப் பார்க்கட்டும். பைண்டு செய்யக் கொடுக்கும் நூல்நிலையத்தார் அட்டையையும் சேர்த்தே தைக்கும்படி கண்டிப்பாகச் சொல்லட்டும். பாட்டைப் பாதுகாக்க இசைத்தட்டு இருக்கிறது, ஒலிநாடா இருக்கிறது; அந்தப் பாட்டின்மேல் மக்கள் கொண்டிருந்த நம்பிக்கையைப் பாதுகாக்க அட்டைதான் இருக்கிறது.